காலி டேங்க்தானே!

கார் இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதப்போவது என்னவோ 1947-ம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பெட்ரோல் டேங்கையும் பம்ப்பையும் பற்றித்தான். ஆனால் உங்கள் வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும், மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் ஜெனரேட்டருக்கும்கூட டேங்க் உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் எங்கேயோ ஒரு கடையில் யாரோ ஒரு பையன்தான் அதைப் பற்றவைக்கப் போகிறான். தமிழில் 'பற்றவைப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி, ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'தாதா' என்பேன், அவர் என்னை 'இஞ்சினியர் பாபு' என்பார். டிப்ளமா படித்தவனுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான பட்டம்தான், மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவருடைய தகப்பனார் வாங்கிய எம்.ஜி. டி.சி. கார் இன்னும் அவர் வீட்டு ஷெட்டில் இருக்கிறது. எம்.ஜி. என்றதும் நம்மவர்கள் மூன்றாவது எழுத்தைத் தாமாகவே சேர்த்துக்கொள்வார்கள். என் மனைவியும் முதல் நாள் அப்படித்தான் ஆவலோடு பார்க்க வந்தாள். இது மோரிஸ் காரேஜஸ். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் சுமார் பத்தாயிரம் வண்டிகள் இந்த மாடலில் செய்தார்கள். 1250 சி.சி. என்ஜின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், இரண்டே பேர் உட்காரலாம். இப்போது அதே பெயரில் தெருவில் ஓடுகிற பெரிய கார்களுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-ல் தில்லியில் தொடங்கி, பிறகு கல்கத்தாவுக்கும் கொண்டுவந்த பழைய கார் ஊர்வலத்தில் இந்த வண்டி பலமுறை கலந்துகொண்டிருக்கிறது.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் ஒளிந்துகொண்டு இருக்காது. இரண்டு ஸீட்டுக்கும் பின்னால், வெளியிலேயே, பலகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதன் முதுகில் ஸ்டெப்னி. பதின்மூன்றரை காலன், அதாவது சுமார் 61 லிட்டர் பிடிக்கும். எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. குறைந்துவிட்டால் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். தாதா மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார், நம் பாட்டிகள் அரிசிப் பானையைப் பார்த்த மாதிரி. பம்ப் முன்பக்கம், பானெட்டுக்குள், என்ஜினுக்குப் பின்புறத் தகட்டில் இருக்கிறது. கரண்டில் ஓடும் எஸ்.யூ. பம்ப். டேங்கிலிருந்து வண்டியின் நீளத்துக்கு வரும் குழாய் வழியாக அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் ஊர்வலத்துக்கு முன் ஒத்திகை பார்க்கிறேன் என்று கிளம்பியவர், 'மா' மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். அந்தப் பாலத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று கல்கத்தாவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானரால் பம்ப்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், டிக் டிக் என்றது, வண்டி ஓடியது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. ஒரு மெக்கானிக் பாயிண்டைத் தேய்த்தார். இன்னொருவர் டயஃப்ரம் மாற்றினார். மூன்றாமவர் பம்ப்பையே கழற்றி மூலையில் போட்டுவிட்டு, மல்லிக் பஜாரில் புது எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வாங்கி மாட்டினார். அதன் அழுத்தத்துக்கு அந்தக் கால கார்புரேட்டரின் ஊசி வால்வு ஈடுகொடுக்கவில்லை. சூடான சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் தாதா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எஸ்.யூ. பம்ப்பை எனக்குப் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரயில்வே சிக்னல் ரிலேயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. உள்ளே ஒரு காயில். கரண்ட் பாய்ந்ததும் அது ஒரு இரும்பு வட்டை இழுக்கும். வட்டோடு டயஃப்ரமும் நகர்ந்து பெட்ரோலை உறிஞ்சும். இழுத்த இழுப்பின் முடிவில் ஒரு சின்ன நெம்பு சட்டென்று மறுபக்கம் சாய்ந்து பாயிண்டைப் பிரித்துவிடும். கரண்ட் நின்றதும் ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும், பாயிண்ட் மறுபடி சேரும். இதுதான் அந்த 'டிக்'. கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் மேலே தள்ள இடமில்லாமல் பம்ப் தானே ஓய்ந்துவிடும்.

ஆகவே இந்த பம்ப் வாய்விட்டுப் பேசுகிற பம்ப். சாவி திருப்பியதும் படபடவென்று அடித்து, பிறகு நிதானமாகி, நின்றுவிட்டால் எல்லாம் சரி. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. பின்பக்கக் குழாயில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது டேங்க் காலி. என்ஜின் ஓடாதபோதும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்தால் எங்கோ கசிவு, அல்லது அதன் வால்வு சரியாக மூடவில்லை. ஓசையே இல்லையென்றால் பாயிண்ட் கருகியிருக்கலாம். முன்னால் அடைப்பும் இருக்கலாம். ஐந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிட்டு, டேங்கின் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், மறுபடி ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மருத்துவர் நாடி பிடிப்பதைப் போலக் கேட்க வேண்டும். மூன்று மெக்கானிக்கும் கேட்கவில்லை, மூவரும் பம்ப்பை மட்டுமே குற்றவாளியாக்கினார்கள்.

மூலையில் கிடந்த பழைய பம்ப்பை எடுத்துப் பிரித்தேன். அடியிலிருந்த சல்லடையில் செங்கல் பொடி மாதிரித் துரு. வால்வின் பித்தளைத் தட்டுக்கு அடியிலும் அதே துரு, ஒரு கடுகளவு. அந்தக் கடுகுதான் மேம்பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியது. துரு பம்ப்பில் பிறப்பதில்லை. டேங்கில் பிறந்து, குழாய் வழியாக வருகிறது. டேங்கைப் பார்க்காமல் பத்து பம்ப் மாற்றினாலும் பதினோராவதும் நிற்கும்.

இங்கே எதனால் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெட்ரோலில் 10 சதவீத எதனால் கலப்பது 2022-ல் நிறைவேறியது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்குக் கொண்டுவந்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாக் கோளாறுக்கும் இப்போது அதையே காரணம் சொல்கிறார்கள். பாதி உண்மை. எதனால் தண்ணீரோடு சேரும் குணமுடையது. கல்கத்தா மழைக்காலத்தில் பாதி நிறைந்த டேங்க் மூன்று மாதம் சும்மா நின்றால், மேற்புறத் தகட்டில் ஈரம் வியர்த்து, பெட்ரோலோடு கலந்து, அளவு மீறியதும் தண்ணீரும் எதனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர், கார்க் வாஷர், டயஃப்ரம் துணி எல்லாவற்றையும் எதனால் கெடுக்கும் என்பதும் சரி. ஆனால் தாதாவின் டேங்கில் இருந்த துரு இருபது முப்பது வருஷத்துத் துரு. புது மருமகள் வந்த பிறகுதான் வீடு அழுக்கானது என்று சொல்வது நியாயமா?

டேங்கை இறக்கிக் காட்டியதில், அடிமூலையில் ஊசிமுனைத் துளைகள் மூன்று. துரு தின்ற இடம். 'ரேடியேட்டர் கடையில் கொடுத்து அடைத்துவிடலாம்' என்றார் தாதா. நானும் தலையாட்டினேன். அடுத்த நாள் காலை தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் டேங்க் படுத்திருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். நான் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் எழுந்துவிட்டார். மிஸ்திரி வெளியே வந்து, சிரித்துக்கொண்டே, 'காலி டேங்க்தானே, பாபு! நேற்றே கவிழ்த்துக் கொட்டி, தண்ணீர் விட்டு அலசியாகிவிட்டது' என்றார்.

அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சொன்னவன் நான்தான்.

1988-ம் வருஷம். ஊரும் பணிமனையும் இங்கே வேண்டாம். தீயணைப்பு மணல் போட்டு வைக்க ஒரு தொட்டி தேவைப்பட்டது. யார்டில் 200 லிட்டர் டிரம் ஒன்று மாதக்கணக்கில் மூடி திறந்தபடி வெயிலில் கிடந்தது. பெட்ரோல் வந்த டிரம். ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் ஹெல்ப்பராக இருந்தான். கேஸ் கட்டிங்கில் கைதேர்ந்தவன். 'உள்ளே ஒன்றும் இருக்காதே சார்?' என்று கேட்டான். கேட்டான் என்பதை நான் மறைக்க முடியாது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், 'காலி டிரம்தானே' என்றேன். பத்து நிமிஷத்தில் சத்தம் கேட்டது. டிரம்மின் மேல்தகடு பிய்ந்து அவன் முகத்தில் மோதியது. உயிர் பிழைத்தான். இடது கண் போய்விட்டது. விசாரணை நடந்தது, அறிக்கை எழுதினார்கள், அவனுக்கு இலகு வேலை கொடுத்தார்கள். நான் சொன்ன அந்த இரண்டு சொல் அறிக்கையில் ஏறவில்லை; யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

காலி டேங்க் ஏன் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றில் சுமார் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் காற்று தாராளம்; கொஞ்சம் ஆவி வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 190 லிட்டர் ஆவியாகும். 61 லிட்டர் டேங்கில் மூன்று சதவீதம் என்றால் இரண்டு லிட்டருக்கும் குறைவான ஆவி. அதற்கு வேண்டிய திரவப் பெட்ரோல் பத்து மில்லி. குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கும் சின்னக் கரண்டியில் இரண்டு கரண்டி! கவிழ்த்துக் கொட்டிய டேங்கின் மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் இரண்டு கரண்டி பெட்ரோல் தங்காது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடி திறந்திருக்கிறதே என்று மேலே பறந்து போய்விடாது, அடியிலேயே படுத்திருக்கும். தண்ணீர் விட்டு ஒருமுறை அலசினால் துருவுக்குள் ஊறியது வராது. டார்ச்சின் சூடு பட்டதும் அதுவே ஆவியாகி வெளியே வரும்.

ரயில்வேயில் பி.டி.பி.என். என்ற டேங்க் வாகன் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோலிட்டர் பிடிக்கும். பெட்ரோல் வந்த வாகன் பழுதுக்கு வந்தால் நேரே வெல்டிங்குக்குப் போகாது. முதலில் நீராவி விட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பிறகு காற்றோட்டம். பிறகு கருவி வைத்து ஆவி இருக்கிறதா என்று அளந்து, எரிவாயு இல்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட பின்புதான் உள்ளே ஆள் இறங்கலாம், நெருப்பு பற்றவைக்கலாம். நான் கையெழுத்துப் போட்ட நாட்களும் உண்டு. 1988-க்குப் பிறகு, மீட்டரை என் கண்ணால் பார்க்காமல் ஒன்றுக்கும் போட்டதில்லை. சக ஊழியர்கள் கேலி செய்வார்கள், 'வாகனுக்கு ஜாதகம் பார்க்கிறார்' என்று.

அந்த வாகனுக்குச் செய்ததைத்தான் இந்த 61 லிட்டர் டேங்குக்கும் செய்தோம். மிஸ்திரி கடையிலிருந்து டேங்கைத் திரும்ப வாங்கி வந்து, திறந்த மொட்டை மாடியில் வைத்து (அன்று மனைவி வடாம் பிழிந்து காயவைக்க வேண்டியது தள்ளிப்போயிற்று, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது), சலவை சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, ஒரு முழம் சைக்கிள் செயினை உள்ளே விட்டு இரண்டு பேர் பிடித்து ஆட்டினோம். வெளியே வந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. நாலு தடவை. மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசனையே இல்லை. என் பழைய சகா ஒருவர் இப்போது தனியார் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். அவர் கொண்டுவந்த மீட்டரின் குழாயை அடிவரை விட்டோம். வெடிக்கும் கீழ் எல்லையில் நாற்பது சதவீதம் காட்டியது. வெறும் தகட்டில், குளிர்ந்த காலையில், நாற்பது. டார்ச் பட்டிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும்? அன்று முதல் என் மூக்கின் மேல் எனக்கு மரியாதை போயிற்று.

பேட்டையில் ஒரு சலவைக்கடையில் சின்ன பாய்லர் இருக்கிறது. அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கொல்லைப் பக்கத்து வெளியில் டேங்கை வைத்து, நீளமான குழாய் மூலம் இரண்டு மணி நேரம் நீராவி விட்டோம். ஆறவைத்து மறுபடி அளந்தோம். பூஜ்யம். மறுநாள் காலையில் இன்னொரு தடவை, பூஜ்யம். அதற்கப்புறம்தான் மிஸ்திரி கடைக்கு. அங்கேயும் டார்ச் வேண்டாம் என்று சொல்லி, தள்ளி வைத்த அடுப்பில் சூடேற்றிய கனமான பற்றுக்கோலால் ஈயம் வைக்கச் சொன்னேன். மூன்று துளையும் கால் மணி நேரத்தில் அடைபட்டன.

மிஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் இந்த வேலைக்கு வாங்குவது அறுநூறு ரூபாய். அதில் நீராவிக்கும் மீட்டருக்கும் எங்கே போவார்? 'தண்ணீரை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் பற்றவைப்பேன் பாபு, சில சமயம்' என்றார். ஒன்றுமே செய்யாததற்கு அது மேல்தான். 'சில சமயம்' என்பதுதான் இடிக்கிறது. என் அபிப்பிராயம் இதுதான்: டேங்கைக் கடையில் கொடுக்கிறவர் எவரோ, அதைச் சுத்தமாக்கி, ஆவி இல்லை என்று தெரிந்து கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது. ஆபத்தை மட்டும் அறுநூறு ரூபாய்க்கு அந்தப் பையன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அதற்கு வசதியில்லையென்றால் ஸ்கூட்டர் டேங்கைப் பற்றவைக்கவே கொடுக்காதீர்கள்; புது டேங்க் போட்டுவிடுங்கள். நான் பொதுவாகப் பழையதைத் தூக்கி எறியும் கட்சி அல்ல என்பது நம் சங்கத்து நண்பர்களுக்குத் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் எறியச் சொல்கிறேன். 1947-ம் வருஷத்து டேங்க் கடையில் கிடைக்காது என்பதால்தான் நாங்கள் இத்தனை பாடுபட்டோம்.

டேங்குக்குள் ஊற்றிக் குலுக்கினால் ஓட்டையை அடைக்கும் ஒருவகைப் பூச்சு விற்கிறார்கள். சிலர் புகழ்கிறார்கள். துருவின் மேல் பூசினால் அது துருவோடு சேர்ந்து உரிந்து வருகிறது. பழைய பூச்சு சிலவற்றை எதனால் இளக்கியும் விடுகிறது. பிறகு அந்தத் தோல் பம்ப்பின் சல்லடையில் வந்து உட்காரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

புது பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே மறுபடி பூட்டினேன். எதனால் தாங்கும் டயஃப்ரம், புது பாயிண்ட் இரண்டும் தாதாவின் மகன் வரவழைத்துக் கொடுத்தார். இந்த பம்ப்பில் இரும்பு வட்டைச் சுற்றி அது நடுவில் நிற்பதற்காகப் பதினோரு பித்தளை உருளைகள் உண்டு. மிளகைவிடச் சற்றுப் பெரியவை. மேஜையில் எண்ணினேன், பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். வீட்டைத் தலைகீழாக்கியபின் மனைவி சாயங்காலம் பெருக்கும்போது பூஜை அறை வாசலில் கிடைத்தது. டயஃப்ரத்தை அழுத்தமாகத் திருகி, பிறகு நெம்பு சாயும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அதற்கு மேல் மூன்றில் இரண்டு சுற்று, அதாவது நாலு துளை அளவு, தளர்த்தினேன். டேங்கை மாட்டி, பத்து லிட்டர் ஊற்றி, தாதா சாவியைத் திருப்பினார். படபடவென்று அடித்தது. நிதானமானது. நின்றது. தாதா பானெட்டின் மேல் காதை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

டேங்க் மூடியின் காற்றுத் துளையை மட்டும் நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் கடைப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.